இன்னொரு முதுகு

நான் காலால் பிறந்தவள். தலை முந்தி வருவதுதான் உலக வழக்கம். நான் பாதத்தை முதலில் நீட்டினேனாம். அம்மா அரை உயிராகி மீண்டாள். பிரசவம் பார்த்தவளோ என் உள்ளங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இனி இந்தத் தோட்டத்தில் எவருக்கு இடுப்புப் பிடித்தாலும் கவலையில்லை என்றாளாம். பெயர் வைப்பதற்கு முன்பே எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

மலாயாவின் நெகிரி செம்பிலானில், ரெம்பாவிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பலகை வீடுகள். கால் முந்திப் பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். மூன்று நாள் காலையில் மிதிக்க வேண்டும். மிதிக்கிற பிள்ளை எழுந்ததும் காலைக் கழுவிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மிதித்து முடிக்கும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும். பேசினால் பலன் போய்விடும். ஓயாமல் வாயடிக்கும் என்னை அந்த விதி ஒன்றுதான் அடக்கியது. மற்றபடி நான் ராணி. பெரியவர்கள் மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிட வேண்டிய பிள்ளைகளுக்கு நடுவில், பெரியவர்களை உதைப்பதற்கு வாழைப்பழமும் கருப்பட்டியும் கூலியாக வாங்கிய ஒரே பிள்ளை நான்.

சுளுக்கிய கணுக்காலுக்கும் கன்றிப்போன ரத்தக்கட்டுக்கும் புளியையும் உப்பையும் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். கெண்டைக்கால் சுண்டி இழுத்தால் கட்டைவிரலைப் பிடித்து மேலே மடக்குவார்கள். அதெல்லாம் என் இலாகா இல்லை. முதுகும் இடுப்பும் மட்டுமே என்னுடையவை. லுக்குட் பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட மாட்டு வண்டியில் குப்புறக் கிடந்து வந்திருக்கிறார்கள்.

மனித உடம்பை நான் கண்ணால் படிக்கவில்லை. கோணிச் சாக்கில் கவிழ்ந்து கிடக்கிற முதுகில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பேன். நடுவில் தண்டெலும்பு ஒரு வாய்க்கால். அதன் இரு கரையிலும் திரித்த கயிறுபோல இரண்டு சதை, கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடும். நல்ல முதுகில் இரண்டு கயிறும் ஒன்றுபோல இருக்கும். பிடிப்பு வந்த முதுகில் ஒரு பக்கம் மட்டும் ஓரிடத்தில் முடிச்சு விழுந்திருக்கும். உள்ளே யாரோ கூழாங்கல்லை ஒளித்துவைத்தது மாதிரி. அதைப் பாதத்தால் தேடிக் கண்டுபிடித்து, குதிகாலை வைத்து, மெல்ல மெல்ல நசுக்க வேண்டும். கல் கரைவது தெரியும். அந்த நொடியில் கிடக்கிறவர் விடும் மூச்சு என் காலையும் சேர்த்துத் தூக்கி இறக்கும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு வலது தோள்பட்டைக்குக் கீழே சதை தடித்திருக்கும். இரண்டு பக்கமும் வாளி தொங்கும் கம்பைச் சுமக்கிறவர்களுக்குப் பிடரியில் ஒரு திமில். அப்பாவின் முதுகு எனக்கு மனப்பாடம். பிடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை முடிந்து வந்து குப்புறப் படுத்துக்கொள்வார். விதி எதுவும் இல்லாமல் பேசிக்கொண்டே அதன்மேல் உலாவுவேன். வலது தோள்பட்டைக்கு அருகே நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு, எத்தனை மிதித்தாலும் மறுநாள் திரும்ப வந்துவிடும். அது அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு அந்த நாள் முடியும்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேறு ரகம். சட்டையைச் சுருட்டிக் கையை மடக்கினால் புஜத்துச் சதை உருண்டு எழும்பும். அதை எலி என்பார். எலியை முழங்கைக்கு ஓட்டுவார், தோளுக்கு ஏற்றுவார், இரண்டு கையிலும் இரண்டு எலிகளை வைத்துச் சண்டை மூட்டுவார். ஆனால் முதுகில் கால் வைத்தால் போதும், கூச்சம் தாங்காது. முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் முதுகு முழுதும் குலுங்கி நான் கீழே விழுவேன். புதிதாக வந்த அத்தை அதைப் பார்க்கவே கதவோரம் நிற்பாள்.

யுத்தம் வந்ததைப் பெரியவர்கள் விமானச் சத்தத்தால் அறிந்தார்கள். நான் பாதத்தால் அறிந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், பால்வெட்டு நின்றது, ஜப்பான்காரர்கள் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். கத்தி பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன. தோளில் இருந்த முடிச்சுகள் எல்லாம் ஒரு மாதத்துக்குள் இடுப்புக்குக் குடிபெயர்ந்தன. பிறகு சதையே குறையத் தொடங்கியது. மெத்தென்று இருந்த முதுகுகளில் எலும்பு என் காலைக் குத்தியது. கூலியாக வந்த வாழைப்பழம் அவித்த கிழங்குத் துண்டாயிற்று, அதுவும் நின்றது. மாமா கையை மடக்கிக் காட்டி, "பஞ்சம்லா, எலிகூட ஊரவிட்டுப் போயிடுச்சு" என்பார். நாங்கள் சிரிப்போம்.

பிறகுதான் சயாம் என்ற சொல் லயத்துக்குள் வந்தது. வடக்கே அந்த நாட்டில் ஜப்பான்காரர்களுக்கு ரயில் பாதை போட வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமாம். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்று அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். எனக்கோ பொறாமை. பாதை போடுகிறவர்களைத்தானே முதலில் ரயிலில் ஏற்றுவார்கள். ஒரு நாள் பெரட்டுக் களத்தில், ஆட்களை வரிசையில் நிறுத்தும் காலை நேரத்தில், எங்கள் வீட்டுக்கு மாமாவைக் குறித்தார், எங்களை வேலை வாங்கும் மண்டோர். வயதில் இளையவர், தோள் அகன்றவர். மறுநாள் லாரி வரும் என்றார். அத்தை அப்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடக்கிற மாசம். அவள் அன்று சாப்பிடவில்லை. அவள் பங்குக் கிழங்கை எனக்குக் கொடுத்தாள். நல்ல அத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது மாமா வாசலில் சாக்கின்மேல் குப்புறக் கிடந்தார். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை என்று அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

லாரி வந்தது. துப்பாக்கி வைத்த ஒருவன் இறங்காமலே "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவசரப்படுத்தினான். மண்டோர் ஓடி வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆள் குறைந்தால் அவரே ஏற வேண்டியிருக்கும். மாமாவைக் குனிந்து பார்த்தார்.

"என்னாலா, நேத்து கல்லு மாதிரி நின்னுக்கிட்டிருந்த?"

மாமா முனகினார். மண்டோர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்து, என்னைக் கண்டதும் முகம் தெளிந்தார். மருந்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா படுத்துக் கிடக்கிறான், கூப்பிடு பிள்ளையை என்றார். அவருடைய இடுப்புப் பிடிப்பையே இரண்டு முறை நான் எடுத்துவிட்டிருக்கிறேன். என் காலில் அவருக்கு மாரியம்மன்மேல் உள்ள அளவு நம்பிக்கை. பிடிப்பானால் இவள் மிதித்ததும் கொஞ்சமாவது இளகி எழுவான். இவள் மிதித்தும் எழாவிட்டால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது, அப்படிப்பட்ட ஆளை ஏற்றி என்ன பயன் என்று துப்பாக்கிக்காரனுக்கும் மலாயில் சொன்னார். ஒரு மனிதன் போவதும் இருப்பதும் என் பாதத்தில் வந்து நின்றது. எனக்கு அது தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

அம்மா என் காலைக் கழுவிவிட்டாள்.

நான் ஏறினேன். இடது கரையில் தேடினேன், கல் இல்லை. வலது கரையில் தேடினேன், இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தேன். எங்கேயும் முடிச்சு இல்லை. இரண்டு கயிறும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றுபோல நடுங்கின. முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டு கிடந்தார்; சத்தமே இல்லாமல் முதுகு முழுதும் குலுங்கிற்று. நான் விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பேரை ஏமாற்றி, லாரியையே நிறுத்திவைத்து, இது அவருடைய விளையாட்டுகளிலேயே பெரிய விளையாட்டு. ஆனால் என் கௌரவம் என்னாவது? என் கால் மிதித்து எழாத முதுகு அந்தத் தோட்டத்தில் இல்லை. நான் இறங்கினேன். மாமா எழவில்லை.

"என்ன பிள்ள, விட்டுச்சா?" என்றார் மண்டோர்.

நான் வாயைத் திறந்தேன். பிடிப்பே இல்லை, மாமா சிரிக்கிறார் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அப்பாவின் குரல் வந்தது. அதுவரை வேலியோரம் நின்றிருந்தவர், ஏதோ மறந்த வேலை நினைவுக்கு வந்தது மாதிரி அருகில் வந்தார்.

"வாயத் தொறக்காத தாயி. இன்னொரு முதுகு இருக்கு."

மிதித்து முடியும்வரை பேசக் கூடாது என்பது விதி. நான் சொல்லை விழுங்கிக்கொண்டேன். அப்பா மண்டோரிடம் திரும்பி, விடவில்லை, நீங்களே பார்க்கிறீர்களே என்றார். வீட்டுக்கு ஒரு ஆள்தானே, நான் ஏறிக்கொள்கிறேன். எனக்கும் இடுப்பு லேசாகப் பிடித்திருக்கிறது, லாரி குலுக்கும், பிள்ளை ஒரு மிதி மிதித்துவிடட்டும் என்றார். மண்டோர் அப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு அத்தையின் வயிற்றைப் பார்த்தார். பிறகு லாரியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீக்கிரம் என்றார்.

அப்பா சட்டையைக் கழற்றி, மாமாவுக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் குப்புறப் படுத்தார். நான் ஏறி நின்றேன். என் கால் தானாக அந்த நெல்லிக்காயைத் தேடிப் போயிற்று. காணோம். முதுகு முழுதும் ஒரே முடிச்சாக, ஒரே கட்டையாக, அசைவில்லாமல் இறுகிக் கிடந்தது. இந்தப் பிடிப்பை எங்கிருந்து கரைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி மேலிருந்து கீழே மிதித்து முடித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. என் காலைத் தூக்கி, இறக்கியது.

இறங்கி அவர் காதருகே குனிந்தேன். இப்போது பேசலாம்.

"அப்பா, மாமாவுக்குப் பிடிப்பே இல்லப்பா. சிரிக்கிறாரு."

அப்பா கன்னத்தில் ஒட்டிய மண்ணோடு என்னைப் பார்த்தார்.

"கால் சொன்னத வாய் சொல்ல வேணாம், தாயி."

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். மூன்று நாள் மிதிக்க வேண்டுமே, இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதே என்று நான் கேட்டேன். அதை வந்து மிதிச்சிக்கலாம் என்றார். லாரியில் ஏறும்போது அவர் கெண்டைக்கால் சதை இறுகித் திரண்டு, பிறகு தளர்ந்தது. அவர் உடம்பில் நான் கடைசியாகப் பார்த்த அசைவு அது. லாரி ரெம்பாவ் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது.

மாமா மறுநாள் எழுந்தார். அப்பாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பங்கையும் தன் பங்கையும் கொத்தினார். அத்தைக்குப் பையன் பிறந்தான், எல்லாரையும்போலத் தலையால். யுத்தம் முடிந்து சயாமிலிருந்து சிலர் ஊதிய கால்களோடு திரும்பினார்கள். அவர்கள் காலில் விரலை வைத்தால் விழுந்த பள்ளம் நிரம்ப நேரமாகும். ஒவ்வொருவரிடமும் அம்மா போய்க் கேட்டாள். என்னை வளர்த்ததும் எனக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் மாமாதான். எலியை அவர் அதன்பின் ஓடவிட்டதே இல்லை. நிஜமாகவே இடுப்புப் பிடித்துக் கோணிக்கொண்டு நடந்த நாட்களிலும் என் முன்னால் குப்புறப் படுக்கவில்லை. மிதிக்கட்டுமா என்று கேட்டால், வேணாம்மா என்பார். அவ்வளவுதான்.

அம்மா போன அன்று, அவள் கால்மாட்டில் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். சத்தமே இல்லை. வெள்ளைச் சட்டைக்குள் அவர் முதுகு குலுங்கியது, இரண்டு கரையும் ஒன்றுபோல. என் உள்ளங்கால் கூசியது. அதை நான் முன்பே மிதித்திருக்கிறேன்.

இப்போது எனக்கே முதுகு பிடிக்கிற வயது. அம்பாங்கான் கிளினிக்கில் காத்திருக்கும்போது சுவரில் ஒரு படம். தோலை உரித்த மனிதன் முதுகைக் காட்டி நிற்கிறான். சிவப்புச் சிவப்பாக எல்லாத் தசைகளும், பெயர்களோடு. அடிபடப்போகிறோம் என்று தெரிந்தால் தசை தானாக இறுகி எலும்பைக் காக்கும் என்று டாக்டர் பெண் சொன்னாள். நான் வலது தோள்பட்டைக்கு அருகே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெல்லிக்காயை யாரும் வரையவில்லை.

லாரி போன மறுநாள் காலையில் எழுந்ததும் நான் காலைக் கழுவிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. பாக்கி இரண்டு நாளில் ஒரு நாள் அது. அப்பா எந்நேரமும் வரலாம், நான் பேசிவிட்டால் பலன் போய்விடும். ஈரக் காலோடு வாசலில் நின்றேன். அடுப்பு மூட்டாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறியும் பேசவில்லை. எனக்குத் துணையாக அவளும் விதியைக் காக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.