தோளில் இருந்த கை

கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் இப்போது, அந்தக் காலத்தில் படம் அச்சடித்த பத்திரிகை பிளாக்குகளும் விற்கிறார்கள். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகட்டில் யாரோ ஒருவரின் முகம். காகிதம் பறக்காமல் வைக்க வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப்போகிறார்களாம். போன வாரம் ஒன்றைக் கையில் எடுத்தேன். தகட்டை அரித்த அமிலத்தின் வாடை எப்போதோ போயிருக்கும். என் மூக்குதான் நம்ப மறுத்தது.

எழுபதுகளில் அங்கே ஒரு மலையாளப் பத்திரிகையில் எனக்குப் படம் திருத்தும் வேலை. பிளாக் செய்வதற்கு முன் வேண்டாததை வெள்ளைச் சாயத்தால் அழிக்க வேண்டும். வழுக்கைப் பிரமுகர்களுக்கு முடி வைத்துக்கொடுத்த புண்ணியமும் உண்டு. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்றும் சொல்வேன்.

ஒரு நாள், ஆயுதக் குழு ஒன்றில் சேர்ந்து தலைமறைவான, பக்கத்துக் கொச்சங்காடித் தெருவின் தமிழ்ப் பையனின் படம் வந்தது. தீவிரவாதி தனக்கென்று படம் எடுத்து வைத்திருப்பானா என்ன? நிருபர் வீட்டுக்குப் போய்க் கல்யாண குரூப் போட்டோவைக் கேட்டு வாங்கி வருவார். மற்றவர்களை வெட்டிவிட்டு அந்த ஒரு முகத்தைப் போடுவோம். இவன் தோளில் வளையல் அணிந்த கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தி ஆசிரியர் பாலக்காட்டுக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"எடோ, அந்தக் கை இருக்கட்டும். 'கூட்டத்தில் பெண்ணும் உண்டா?'ன்னு அடியில போட்டா நாளைக்குப் பேப்பர் மிஞ்சாது."

போட்டோவைத் திருப்பி வாங்கச் சாயங்காலம் பையனின் தங்கை வந்தாள். மேஜையில் கிடந்த வாசகத்தைப் படித்துவிட்டாள்.

"இது என் கை சார். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."

"அழிச்சுடறேம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்று தூரிகையை எடுத்தேன்.

"வேண்டாம். தங்கைன்னு எழுதுங்கோ. அண்ணா தோள்ல கை வெச்சதுக்கு நான் எதுக்கு ஒளியணும்?"

ஆசிரியர் எழுந்தே வந்துவிட்டார். "தங்கைன்னு போட்டா வாசிக்கறவா 'ஐயோ பாவம்'னுடுவா. அவன் குண்டு வெச்சவனாக்கும்!"

"குண்டு வெச்சதையும் எழுதுங்கோ. வேண்டாம்னேனா?"

அவர் பேனாவை எடுத்துப் பழைய வாசகத்தை அடித்தார். மறுநாள் அவன் செய்தது ஒன்றுவிடாமல் வந்தது, படத்தின் கீழே 'தங்கையுடன்' என்றும் வந்தது. எங்கள் பத்திரிகை அதைவிட நேர்மையாக ஒரு செய்தி போட்டு நான் பார்த்ததில்லை. அவள் கல்யாணம் நின்றுபோனது. அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. ஆனால் பஜாரில் எதிர்ப்பட்டால் அவள்தான் முதலில் சிரிப்பாள்.

இப்போது இந்த மாதிரிப் படங்கள் போலீஸிடமிருந்தே வருகின்றன, முகத்தில் கறுப்புத் துணியோடு. நிருபர் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்தும் யாரும் படியேறி வருவதில்லை.