நிர்மலா மிஸ்ஸின் பேனருக்கு நான் எழுத மாட்டேன்

நிர்மலா மிஸ் போய்விட்டார். இன்று காலை, அம்பிட்டியவில், தங்கை வீட்டில்.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். செய்தி வந்த பத்து நிமிடத்தில் திரை முழுக்கக் கும்பிடு... மிஸ் ரிட்டயர் ஆகி உடம்பு முடியாமல் கிடந்தபோது எட்டிப் பார்த்த ஒரு முகம் அதில் இல்லை.

அடுத்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ். "கம்பளை டவுன்ல கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டப்போறோம். மொதலாளி செலவு, கீழ அவரு படம். இங்கிலீஷ்ல நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க. நீங்கதானே மிஸ்ஸோட பெஸ்ட் ஸ்டூடன்ட்."

குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று குரூப்பில் சொன்னால் அட்மின் அழித்துவிடுவார். அதனால் இங்கே.

எங்களுடையது கம்பளைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். தொண்ணூறுகளில் அங்கே ஓ.எல். பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். மிஸ் வந்து ஏழு பேரைச் சேர்த்தார். வகுப்பறை தரவில்லை. லேபுக்குப் பின்னால், உடைந்த கதிரைகள் அடுக்கிய அறையில் இங்கிலீஷ் கவிதை படித்தோம்.

கட்டுரை என்றால் அதுவரை மனப்பாடம்தான். டியூஷன் மாஸ்டர் கொடுத்த பிக்னிக் கட்டுரை. ஏழு பேரும் ஒரே பிக்னிக் போய், ஒரே மரத்தடியில், ஒரே சாண்ட்விச் சாப்பிட்டிருந்தோம்.

மிஸ் ஏழு கொப்பியையும் மூடி வைத்தார். "இந்த பிக்னிக்குக்கு யாரு போனது? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"அப்ப எதுக்கு எழுதுனீங்க? ஒங்க வீட்டுல நடக்குறத எழுதுங்க. பிழையா இருந்தா திருத்திக்கலாம். யாரோ சொன்னத மட்டும் எழுதாதீங்க."

அடுத்த வருடம் ஒரு தலைப்புக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி.

கௌரி எங்கள் ஏழு பேரில் ஒருத்தி. மேலே சொன்ன முதலாளியின் இரண்டாவது மகள். என் அப்பா அந்த முதலாளியின் ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மேன்.

கௌரி அவளுடைய அக்காவைப் பற்றி எழுதினாள். விரும்பியவனைக் கல்யாணம் செய்ததால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அப்பா விலக்கிவைத்த அக்கா. செவ்வாய்க்கிழமை அப்பா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனதும் பின்கதவால் வருவாள். அம்மா ரொட்டி சுட்டுக் கொடுப்பார். செருப்பைக் கழற்றாமல், நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவாள்...

இங்கிலீஷ் முழுக்கப் பிழை. மிஸ் திருத்தி, இருபதுக்குப் பதினெட்டுப் போட்டு, சுவரில் ஒட்டலாமா என்று அவளிடம் கேட்டார். "ஒட்டுங்க மிஸ், அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள்.

என் கட்டுரைக்குப் பதினான்குதான் போட்டார்.

பெற்றோர் கூட்டத்துக்கு முதலாளி வந்தார். சுவரில் மகள் பெயருக்குப் பக்கத்தில் பதினெட்டைக் கண்டதும் ஆளுக்குப் பெருமை தாங்கவில்லை. கௌரியும் மிஸ்ஸும் மண்டபத்தில் இருந்தார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்.

"புள்ள, ஒனக்கு இங்கிலீஷ் நல்லா வருமாமே. எம்மக என்னா எழுதிருக்கா, வாசிச்சு சொல்லு."

சொன்னேன். ஒரு வரி விடாமல். செவ்வாய்க்கிழமையைக்கூட விடவில்லை.

பிக்னிக் பற்றி எழுதியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அந்தப் பதினெட்டின் மேல் பொறாமை, அவ்வளவுதான். அப்பாவின் வேலைக்குப் பயந்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய்.

அடுத்த வாரம் முதலாளி கடைக்குக் கூப்பிட்டார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் மிஸ் மேல் இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதினேன். பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகளிடம் குடும்ப விஷயங்களைக் கிளறுகிறார்... கீழே பெற்றோர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. இன்று குரூப்பில் கும்பிடு போடுகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான்.

மிஸ்ஸை வத்தேகமவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இலக்கிய வகுப்பு அத்தோடு சரி. சோதனையில் எல்லோரும் பழையபடி பிக்னிக் போனோம்.

கடைசி நாள் மிஸ் என்னை மட்டும் நிறுத்தினார்.

"அந்த பெட்டிஷன எனக்குக் காட்டுனாங்க. ஒங் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"மொதலாளி சொன்னதத்தான் மிஸ் எழுதுனேன்."

"அதத்தானேம்மா ரெண்டு வருஷமா வேணாம்னு சொன்னேன்."

திட்டவில்லை. கையில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த மனுஷனின் படம் மிஸ்ஸின் படத்துக்குக் கீழே சிரிக்கப்போகிறது. நினைக்கவே அருவருப்பு. என்னை நினைத்தால் அதைவிட அருவருப்பு.

ஏனென்றால் சற்று முன் குரூப்பில் கௌரி இப்படிப் போட்டிருக்கிறாள். "மிஸ் அப்பாகிட்ட போட்டுக்குடுத்தத என்னால மறக்க முடியல. அதுக்கப்புறம் அக்கா வீட்டுப் பக்கமே வரல. இருந்தாலும் ஆத்மா சாந்தியடையட்டும்."

இத்தனை வருடமும் மிஸ்தான் சொல்லிக்கொடுத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மிஸ் இருக்கும்போது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கௌரி... மிஸ் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்துச் சொன்னது நான்.

நாளை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். என்னோடு நீ பேச வேண்டாம். மிஸ்ஸின் முகத்தை மட்டும் ஒரு தடவை வந்து பார்.

போயிட்டு வாங்க மிஸ்.