அண்ணி மெருகேற்றிய கறுப்புக் கார்

என் அண்ணி சீதாலெட்சுமிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பிறந்தது மலேசியாவின் கேரி தீவில், செம்பனைத் தோட்டத்தில். என் அண்ணன் பாலனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். அண்ணனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அண்ணி பக்கத்து ஊரான மேருவில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில், மெருகேற்றும் பகுதியில் பன்னிரண்டு வருடம் நின்றார். 1986இல் அதை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணியோ தான் பிடித்து வேலை செய்த பாலிஷ் மெஷினை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். சோபாவுக்கு வைக்கும் ஸ்பாஞ்சுத் துண்டுகள் ஒரு மூட்டை வேறு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மேசைக்கு வந்த பளபளப்பு காருக்கு வராதா என்பது அண்ணியின் கணக்கு. முதலில் அண்ணனின் பழைய வெள்ளைக் காரில் கைவைத்தார். அடுத்து என் நீலக் கார். பிறகு எதிர்வீடு, பின்தெரு என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்தான் பட்டறை. எந்த நிறம் வந்தாலும் வாங்குவார், கறுப்பைத் தவிர.

"கறுப்பு பொல்லாதது தம்பி. வெள்ளை நம்ம தப்ப மறைச்சிரும். கறுப்பு ஊருக்கே காட்டிக் குடுத்துரும்" என்பார் என்னிடம்.

அப்படி ஐந்து வருடம் ஓடியது. 1991இல் ஒரு புதன்கிழமை, இரும்புக்கடை கண்ணப்பச் செட்டியார் வாசலில் வந்து நின்றார். கூடவே புத்தம் புதிய கறுப்பு ஜப்பான் கார். அதன் கதை இதுதான். கார் வாங்கியதும் கோயிலில் பூசை போட்டிருக்கிறார். ஐயர் போனட்டின் மேல் அகலமாக மூன்று திருநீற்றுப் பட்டை போட்டுச் சந்தனம் வைத்திருக்கிறார். மறுநாள் செட்டியார் காய்ந்த துண்டை எடுத்து அதை அழுத்தித் துடைத்திருக்கிறார். அந்தக் காரின் கறுப்புப் பெயிண்டோ மிகவும் மெத்தென்றது, நகம் பட்டாலே கோடு விழும் ரகம். நம் நெற்றியில் மென்மையாக இருக்கிற திருநீறு அதற்கு மணல். மூன்று பட்டையும் கீறலாகவே நின்றுவிட்டது.

ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். அங்கே கம்பளி மாட்டிய மெஷினை முழு வேகத்தில் ஓட்டிப் பட்டையைக் குறைத்தார்கள். பதிலுக்குப் போனட் முழுக்க வட்டம் வட்டமாகச் சுழிகள். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு வந்தால் பார்க்கச் சகிக்காது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் இந்திராவுக்குக் கல்யாணம். பெண் அந்தக் காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்க வேண்டும்.

"பாலன் தம்பி, உங்க வீட்டுல மெஷின் போடுவாங்களாமே. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க லா" என்றார் செட்டியார். அண்ணி இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று செட்டியாருக்குத் தோன்றவில்லை.

"கறுப்பு செய்யறதில்ல அங்கிள்" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

அண்ணி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்தார், சாய்ந்து பார்த்தார், விரலால் தொடவே இல்லை. "விட்டுட்டுப் போங்க அங்கிள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க."

செட்டியார் போனதும் அண்ணன் குதித்தார். "கல்யாணக் காரு சீதா! கெட்டுப்போச்சுன்னா நான் கிள்ளான்ல தல காட்ட முடியுமா? ஒன்னு சொல்றேன். சனிக்கிழமை இதுல ஒரு கோடு நின்னாலும் மெஷின வித்துரணும். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

"சரி" என்றார் அண்ணி. அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மெஷின் இல்லாவிட்டால் அவருக்கு அந்த வீட்டில் அடுப்படி மட்டும்தான் மிச்சம் என்று அண்ணனுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை எனக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் விடுப்பு. காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வளையல்களைக் கழற்றி வைத்தார். பட்டன் இல்லாத சட்டையாகப் பார்த்துப் போட்டு, தாலியை உள்ளே விட்டு ஊக்கு குத்தினார். ஒயர் பெயிண்டில் உரசாமல் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டார். கம்பளிக்குப் பதில் சோபா ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி மெஷினில் ஒட்டியிருந்தார். துடைக்கத் துணி? அது என் உபயம். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் பெருமையாகக் கொடுத்திருந்தேன்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் மெருகுப் பசை தடவி, மிகக் குறைந்த வேகத்தில் மெஷினை ஓட்டினார். வேட்டித் துணியால் துடைத்தார். இன்ஜின் சூடு போனட்டில் ஏறாமல் இருக்க, நானும் அண்ணனும் காரை வெயிலுக்குத் தள்ளினோம். சுழிகள் போயிருந்தன. ஆனால் அதே இடத்தில் மெல்லிய கோடுகள், நூல் நூலாக.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணன் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அண்ணி போனட்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மெஷின் எப்படிச் சுத்துது?"

"வட்டமா, அண்ணி."

"இந்தக் கோடு?"

"நேரா இருக்கு."

"அப்போ இது மெஷின் போட்டது இல்ல." வேட்டித் துணியை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "இதுக்குக் கஞ்சி போட்டீங்களா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற வேட்டி. தகரம் மாதிரி நிற்க வேண்டும் என்று என் மனைவி வருடா வருடம் கஞ்சி போட்டு எடுத்ததுதான். நமக்கு வெறும் மொடமொடப்பு. அந்தப் பெயிண்டுக்கு அதுவே எமன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பக்கத்து வீட்டு சந்திரகலாவுக்குக் கைக்குழந்தை. பிள்ளையைச் சுற்றும் பஞ்சு போன்ற துணி நாலைந்தைச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அண்ணியே போய் பிளக்கை மறுபடி செருகினார். "ரெண்டு பேரும் தள்ளச் சொன்னா மட்டும் தள்ளுங்க" என்றார்.

தள்ளினோம். தட்டு அளவு இடம், துடைப்பு, வெயில், மறுபடி நிழல். கார் சூடானால் ஆறும்வரை காத்திருந்தார். ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவினார். துணியை அழுத்தவே இல்லை, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல ஒற்றி எடுத்தார். அண்ணனுக்கு வியர்வை ஊற்றியது. மத்தியானத்துக்கு மேல் அவர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். நாலு மணிக்கு, யாரும் சொல்லாமலே தேநீர் போட்டுக்கொண்டு வந்து அண்ணியிடம் நீட்டினார். என் அண்ணன் தேநீர் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்து மணி வெயிலில், மேலே துணிக்கொடியில் எத்தனை கவ்விகள் தொங்குகின்றன என்று போனட்டைப் பார்த்தே எண்ணலாம். பதினேழு. நான் எண்ணினேன்.

செட்டியார் வந்தார். நாலு பக்கமும் நின்று பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நேராக அண்ணியிடம் போய்க் கைகூப்பினார். "அம்மா, நாளைக்கு நீங்க கல்யாணத்துக்கு வரணும். வரலன்னா எனக்கு மனசு ஆறாது."

ஞாயிறன்று கார் மண்டப வாசலில், உச்சி வெயிலில் நின்றது. ஜோடிப்பதற்கு வைத்த மல்லிகைச் சரம் போனட்டிலும் இன்னொரு முறை பூத்துக் கிடந்தது. கெடுத்து வைத்த பட்டறைக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, அண்ணியிடம் வந்து, "அக்கா, எப்படி செஞ்சீங்க?" என்று கேட்டார். அண்ணி ஒளிக்காமல் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை, கெடுக்கத்தான் பார்த்தேன். இருந்தாலும் பெருமை தாங்கவில்லை.

உள்ளே போகும்போது செட்டியாரின் மூத்த மகன் அடைக்கப்பன் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு எங்களைத் தெரியாது.

"வாங்க, வாங்க. நீங்க யாருன்னு தெரியலையே?" என்றார் அண்ணனிடம்.

எங்கே போனாலும் 'போர்ட்ல கிரேன் ஓட்டுற பாலன்' என்றுதான் என் அண்ணன் சொல்வார். அன்றைக்குத் தோளை நிமிர்த்தி வெளியே கை காட்டினார்.

"அந்தக் கறுப்புக் கார் நிக்குது பாருங்க. அத செஞ்ச சீதாலெட்சுமியோட வீட்டுக்காரன்."