காணாமப் போன ஒம்பது லட்சம் இறால்

பெரியதாழைல மைக்குன்னா சிலுவை, சிலுவைன்னா மைக்கு. கோயில் திருவிழா, கபடி, கல்யாண வீடு, காணாமப் போன ஆடு, எல்லாத்துக்கும் அவன் தொண்டைதான். எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்த மகான். ஆனா எழுதிக் குடுத்தத அவன் வாசிச்சா, பூசை வைக்கிற பங்குச் சாமியாருக்கே லேசாப் பொறாமை வரும்.

நம்பரையும் அப்படித்தான் வாசிப்பான். முன்னால இருந்து, மூச்சு விடாம, சந்தேகமே படாம. ரெண்டு கமா கெடந்தா முதல் கமாவுக்கு முன்னால உள்ளது லட்சம், அடுத்த கமாவுக்கு முன்னால உள்ளது ஆயிரம். சிலுவையோட கணக்குப் படிப்பு அம்புட்டுதான். நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் அதுவும் அவனைக் கைவிடல.

கைவிட்டது இறால்.

கடல்ல இறால் கொறஞ்சு போச்சுன்னு சர்க்கார்ல இருந்து குஞ்சு கொண்டாந்து விடுத விழா. பேனர் தூத்துக்குடில அடிச்சது. கடைக்காரன் ஹார்பர் பக்கம் கப்பல் கம்பெனிகளுக்கே அடிச்சுப் பழகினவன். அவனுக்கு லட்சம், கோடியெல்லாம் ஆகாது, மூணு எண்ணுக்கு ஒரு கமா. "1,250,000 இறால் குஞ்சுகள்"னு ஆள் உசரத்துக்குப் போட்டு அனுப்பிட்டான்.

சிலுவை பேனரை ஒரு தடவை பாத்தான், மைக்கைத் தட்டினான். "அன்பார்ந்த மீனவப் பெருமக்களே, நமது கடல் அன்னையின் மடியிலே இன்று ஒரு லட்சத்து இருநூத்தி அம்பதாயிரம் இறால் குஞ்சுகள்..."

ஒருத்தரும் சிரிக்கல. அவன் சொன்ன தோரணைல அப்படி ஒரு நம்பர் உலகத்துல உண்டுன்னே ஆகிப் போச்சு. அடுத்தாப்ல மைக்கை வாங்கின மீன்வளத்துறை அதிகாரிதான் காரியத்தைக் கெடுத்தாரு. "பன்னிரண்டரை லட்சம் குஞ்சுகள்"னு பேசிட்டுப் போய் உக்காந்தாரு.

வலையைத் தோள்ல போட்டு நின்ன ரெக்சன் கணக்குல புலி. "இருநூத்தி அம்பதாயிரம்னா ரெண்டரை லட்சம். முன்னால உள்ள ஒண்ணையும் சேத்தா மூணரை. பன்னிரண்டரைல மூணரை போச்சுன்னா, மிச்சம் ஒம்பது லட்சம் குஞ்சு எங்கனலே?"

"வழில வறுத்துத் தின்னுருப்பானுவ," கூட்டத்துல ஒருத்தன் சொன்னான்.

"கொசுத் தண்டி இருக்கு. அதுல எதை வறுக்க?"

"அப்போ இறால் பண்ணைக்காரனுக்கு வித்திருப்பானுவ."

அம்புட்டுதான், அதிகாரி ஜீப்பு கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டு. படகுச் சங்கத் தலைவர் ஜோன்ஸ் அண்ணாச்சி கையைக் காலைப் பிடிச்சு அவரை அனுப்பி வச்சுட்டு, சிலுவைகிட்ட வந்தாரு.

"ஏலே, நீ என்னத்தலே வாசிச்ச?"

"பேனர்ல உள்ளதத்தான் அண்ணாச்சி."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீயே மைக்குல சரியான நம்பரைச் சொல்லி, தப்பு எம்மேலன்னு மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா இந்தத் திருவிழாவுக்கு மைக்கு ஸ்டெபிக்கு."

ஸ்டெபி சாயர்புரத்துல காலேஜ் படிக்கிற புள்ள. குரலும் உண்டு, கணக்கும் உண்டு. மத்தியானச் சோத்துக்கு உக்காந்த சிலுவைக்கு ஒரே நெனப்புதான். மைக்கு இல்லாத சிலுவையை ஊர்ல யாரு ஏறிட்டுப் பாப்பா?

பொண்டாட்டி விஜிலா கொழம்பை ஊத்திக்கிட்டே சொன்னா, "போன வாரம் ஆடு காணலைன்னு அறிவிச்சீங்களே, அப்பவும் நாலு காலையும் முன்னால இருந்துதான் எண்ணினீங்களோ? பேனர் இன்னும் அங்கனதான தொங்குது. கமாவை மறந்துட்டு வாலுல இருந்து எண்ணிப் பாருங்க."

பொழுது சாயுத நேரம் யாரும் பாக்காம போனான். கடைசி சைபர்ல வெரலை வச்சான். ஒண்ணு. பத்து. நூறு. ஆயிரம். அஞ்சுக்கு வாரப்ப பத்தாயிரம், அப்போ அது அம்பதாயிரம். ரெண்டுல வெரல் வச்சா லட்சம் வந்துட்டு. லட்சத்தை ரெண்டுகிட்ட பறிகுடுத்துட்டு, முன்னால நின்ன ஒண்ணு 'பத்து லட்சம்'னு சிலுவையைப் பாத்துச் சிரிக்குது. முப்பது வருசமா கமாவை நம்பி எத்தனை நம்பரை ஊருக்கு ஊதிட்டோமோன்னு அவனுக்கு வேர்த்துப் போச்சு.

மறுநாள் பூசை முடிஞ்சுது. ஸ்டெபி முதல் வரிசைல, ஜோன்ஸ் அண்ணாச்சி பக்கத்துல. "நமது கடலில் விடப்பட்ட குஞ்சுகள் மொத்தம் பன்னிரண்டு லட்சத்து அம்பதாயிரம் என்று..."

மன்னிப்பு அடுத்த வரில வரணும். அதுக்குள்ள கை தட்டிட்டானுவ. ரெக்சன் எந்திரிச்சே சொன்னான், "பாத்தியளா, சிலுவை மைக்குல போட்டு உடைச்சதும் பயந்து போயி ஒம்பது லட்சத்தையும் கொண்டாந்து விட்டுட்டானுவ."

சிலுவை மன்னிப்பை முழுங்கினான். முழுங்குத சத்தம் மைக்குல நல்லாவே கேட்டுச்சு. ஜோன்ஸ் அண்ணாச்சி வாயைத் தொறந்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு, மூடிக்கிட்டாரு. ஊழலை ஒழிச்சவன் கையில இருந்து மைக்கைப் பிடுங்க எந்தத் தலைவரால முடியும்?

திருவிழாவுக்குச் சிலுவைதான். பரிசுக் குலுக்கல்ல நம்பர் எடுத்துக் குடுத்தா உடனே வாசிக்க மாட்டான். மைக்கைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, முதுகைத் திருப்பி, வாலுல இருந்து வெரல் விடுவான். எப்படி இழுத்து இழுத்துச் சொல்லுதான் பாருன்னு ஊரே மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். முதல் வரிசைல ஸ்டெபி மட்டும், அவன் வெரலுக்குத் தகுந்தாப்ல, சத்தம் வராம வாயசைப்பா: ஒண்ணு, பத்து, நூறு.