பாவுக்கு அடியில் போன பவனி

உங்களை விசுவாசத்தில் வளர்த்தவர்களுக்கு நன்றி சொல்லி எழுதித் தாருங்கள் என்று எங்கள் சபையில் கேட்டார்கள். நான் என் அத்தையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மூப்பர் படித்துவிட்டு, "யாராவது விசுவாசியா பாத்து எழுதும்மா. இவங்க கடைசி வரைக்கும் விபூதி பூசினவங்களாச்சே" என்றார். வந்த கோபத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வரியைக்கூட மாற்றமாட்டேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம் எங்களுடையது. அம்மா மட்டும் கிறிஸ்தவர்; அப்பா விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவர். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். போவதற்கு முன் அத்தையிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அத்தை அனுப்பவில்லை. தானே இழுத்துக்கொண்டு போனாள். காலையில் சிவன் கோயிலுக்குப் போய்வந்து, அதே விபூதியோடு என் தலையை எண்ணெய் வழிய வாரிவிட்டு, சர்ச்சு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவாள். உள்ளே வரமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் என் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆராதனை முடிந்து நான் வரும்போது கண் மூடியிருக்கும். நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், குருத்தோலை ஞாயிறு பவனியில் ஓலை பிடித்து முன்னால் நடந்து ஓசன்னாப் பாட்டைத் தொடங்க, ஆராதனை நடத்தும் உபதேசியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். அத்தை நேராக அவரிடமே போனாள்.

"எங்க தெரு வழியா வாங்க ஐயா. அவங்க அம்மா இருந்த தெரு. எல்லாரும் பாக்கட்டும்."

அவரும் சரி என்றார்.

இதற்கிடையில் சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பாவு விரிக்க வேண்டியிருந்தது. பாவு என்பது சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கும் கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். தெருவே வந்து கைகொடுக்கும். அந்தச் சனிக்கிழமை கோடை மழை கொட்டியதால் வேலை ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது. பவனி வருவதற்குள் காய்ந்துவிடும் என்று அத்தை நம்பினாள். என்னைச் சர்ச்சில் விட்டுவிட்டு ஓடினாள். ஆனால் வெயில் வரவே இல்லை.

ஓலையை உயர்த்திப் பிடித்துப் பாடிக்கொண்டே எங்கள் தெருவில் திரும்பினேன். தெரு முழுக்கச் சிவப்பு. கல்யாணச் சேலைக்கான பாவு ஈரத்தோடு இடுப்புயரத்தில் கிடந்தது. குறுகலான தெரு; ஒதுங்கிப் போக வழியில்லை. பாவைத் தாண்டுவது எங்கள் ஆட்களுக்குச் சாமியைத் தாண்டுவது மாதிரி.

"வேற தெருவுல போயிடலாம்" என்றார் உபதேசியார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

எதிர்வீட்டு நெசவாளர் சிரித்தார். "இன்னாக்கா, உன் மருமவ ஊர்கோலம் வந்துக்கினு இருக்குது. பாவை இன்னா பண்ணப்போற?"

"சுருட்ட முடியாதுக்கா. ஈரமா இருக்குது, ஒட்டிக்கும்" என்றார் அப்பா.

"சுருட்டச் சொன்னது யாருடா? தூக்குங்க!"

இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கழிகளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். முழுத் தெருவும். முருகனையும் சிவனையும் கும்பிடுகிற கைகள். எங்கள் தலைக்கு மேல் சிவப்புப் பட்டுப் பந்தல் ஒன்று நீண்டது.

"தம்பி, உன் பக்கம் தொய்யுது பாரு!" என்று அப்பாவை அதட்டிவிட்டு அத்தை எங்கள் பக்கம் திரும்பினாள். "ஓலைய எறக்குங்க! எவனாச்சும் நூல்ல இடிச்சீங்க, அதே ஓலையால வெளுத்துடுவேன்!"

உயர்த்திப் பிடிக்கத்தான் ஒரு வாரமாகப் பழகியிருந்தோம். இப்போது துடைப்பம் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டு நின்றுவிட்டது. பின்னால் யாரும் தொடரவில்லை. மேலிருந்து கஞ்சி என் தலையில் சொட்டியது.

அப்போது அத்தை பாடினாள். முன்கழியைத் தூக்கிப் பிடித்தபடி, தறிச் சத்தத்தில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் அந்த ஓசன்னாப் பாட்டைப் பாடினாள். ராகம் எங்கோ போனது. வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டாம் சரணத்துக்கும் போய்விட்டாள். சர்ச்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் குரலை அமுக்குவதற்காகவே நான் கத்திப் பாடினேன். பவனி நகர்ந்தது.

சாயங்காலம் வரைக்கும் அவள் அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நீ எதுக்குப் பாடின?" என்று கேட்டேன்.

"நீ பாடல, நான் பாடினேன். போடி" என்றாள், தலையைத் தூக்காமல்.

மூப்பரே, என் ஜெபத்துக்குக் கூரை பிடித்த கை அது. அவளை விடப் பெரிய விசுவாசி உங்களிடம் இருந்தால் காட்டுங்கள், எழுதுகிறேன்.

சர்ச்சு வாசற்படி ஏறாதவளுக்கு இரண்டாம் சரணம் எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறும் என் செருப்பை அவளிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று உலுக்கி எழுப்பினேன்.