ஆறாத சிறு காயமும் என் மாமியும்

தபாற்கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "இஞ்சாருங்கோ, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள்.  முன்னால் நின்றவர் என்ன கேட்டார், நான் என்ன கொடுத்தேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு மருமகன் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி உறவினர் கேட்டார்கள். உரும்பிராயில் மாமியை அறிந்தவர்கள் அவரை ஒரு பயந்த மனுசி என்றே அறிவார்கள். இடி முழங்கினால் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் இருந்துவிடுவார். கோழிக்குக் காலில் அடிபட்டால்கூடப் பார்க்கமாட்டார். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மாமா வெங்காயத் தோட்டத்தில் தகரம் ஒன்றை மிதித்துவிட்டார். நீரிழிவுக்காரர். உள்ளங்காலில் ஏற்பட்ட சிறு வெட்டு ஆறாமல் காலை எடுத்து, பின்பு உயிரையும் எடுத்தது. அப்போது என் மனைவி பள்ளிக்கூடச் சிறுமி. அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

நான் அந்த வீட்டுக்கு மருமகனாய் வந்தபின்பும் மாமி என்னுடன் நேரே கதைத்ததில்லை. எதுவானாலும் மகளிடம் சொல்லுவார், மகள் எனக்குச் சொல்லுவாள். எங்கள் பக்கத்தில் அது வழமை என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். வயிற்றைக் கீறாமல், சிறு துளைகள் வழியே கமெரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை. மேலே மூன்று துளைகள், தொப்புளடியில் ஒன்று. கெதியில், அடுத்த நாளே வீட்டுக்கு விட்டார்கள். மேலே இருந்த மூன்றும் சொன்னபடி ஆறின. தொப்புளடிக் காயமும் ஆறியது போலத்தான் இருந்தது. மனைவிக்கு வன்னியில் ஆசிரிய வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுவாள். காயம் மூடிவிட்டது என்ற நிம்மதியோடு அவளும் பயணமானாள்.

சில கிழமைகள் கழித்து ஒரு காலையில், கிணற்றடிக்குப் போக இடுப்புச் சாறத்தோடு எழுந்த என்னை மாமி மறித்தார்.

"தம்பி, சாறத்திலை ஏதோ பட்டிருக்கு."

"வியர்வை மாமி."

"வியர்வைக்கு உந்த நிறம் இல்லைத் தம்பி."

அவர் என்னோடு நேரே கதைத்த முதல் வார்த்தைகள் அவை. அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். மூடியிருந்த இடத்தில் ஊசிமுனை அளவு வாய் திறந்து, மஞ்சளாய் நீர் கசிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் விழுங்கக் குளிசை தந்தார்கள். காயம் மூடியது. பின்பு திறந்தது. வேறு குளிசை தந்தார்கள். மூடியது. பக்கத்தில் சிவந்த கட்டி ஒன்று எழும்பி, அதுவும் உடைந்தது. "சின்னக் காயம்தானே, ஆறிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே மற்றவர்களுக்குச் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் புற்றுநோயாய் இருக்குமோ என்ற எண்ணம் வந்து குந்திக்கொண்டது. அந்தப் பயத்தை மனைவிக்கு நான் சொல்லவில்லை.

நாள்தோறும் மருந்து கட்டியவர் மாமிதான். கையைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். பிறகு, "சந்நிதி முருகா" என்று முணுமுணுத்தபடி காயத்தில் கட்டியிருந்த பழைய துணியை எடுப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்.  பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தபோது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. "என்ரை மனுசன்ரை காலுக்கும் உதுதான் பூசினது. கொண்டு போ பிள்ளை."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, முந்திய குளிசையையே தொடரச் சொன்னார். நான் சேட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினேன். மாமி நகரவில்லை.

"ஐயா, மேலாலை மூடுது. உள்ளுக்கை ஆறேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். எனக்குப் பயமாக் கிடக்கு. பயந்தவள் கதைக்கிறாள் எண்டு விட்டிடாதேங்கோ. இன்னொருக்காப் பாருங்கோ."

 டொக்டர் என்னை மறுபடி படுக்கச் சொன்னார். காயத்தின் உள்ளிருந்து சிறு தசைத்துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி. மெதுவாய் வளர்வது, வழமையான மருந்துக்கு மசியாதது. காயத்தைத் திறந்து துப்புரவாக்கி, மாதக்கணக்கில் வேறு மருந்து தந்தார்கள். அதன் பிறகுதான் அடியிலிருந்து தசை வளர்ந்து வந்தது. அன்று மாமி தன்னை மறித்துக் கேட்காவிட்டால் நோய் எங்கே போய் நின்றிருக்கும் என்று டொக்டரே பின்னர் சொன்னார்.

என் பயம் அத்துடன் விட்டது. மாமியின் பயம் விடவில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

சென்ற மாரியிலிருந்து அவர் பொரியல், கறி எல்லாவற்றையும் விட்டுக் கஞ்சி மட்டும் குடித்தார். கேட்டால் வாய்வு என்றார். விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்களைக் கண்டதும் கையை எடுத்துவிடுவார். ஒருநாள் கண் மஞ்சளித்து, குடித்த கஞ்சியையும் சத்தியாய் எடுத்தபோதுதான் அகப்பட்டார். அவருக்கும் கல். அதே சத்திரசிகிச்சை என்றார்கள்.

"எனக்கு வேண்டாம். நான் உங்கடை வயித்தைப் பாத்தனான்."

"மாமி, எனக்கு வந்தது ஆயிரத்திலை ஒருத்தருக்குத்தான் வருமாம்."

"அந்த ஓராள் எங்கடை வீட்டிலைதானே இருந்தது, தம்பி."

 மகள் அழுதாள், கெஞ்சினாள். "பொறு பிள்ளை, தைப்பொங்கல் போகட்டும்" என்றார். பொங்கல் போனது. பிறகு சிவராத்திரி போகட்டும் என்றார்.

கடைசியில் குளிரும் காய்ச்சலுமாய் அவரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. பித்தப்பை பழுதாகி, நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் பின்னேரம் நான் பக்கத்தில் நின்றபோது கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

"வெட்டச் சொல்லுங்கோ தம்பி. பயம்தான். எண்டாலும் சொல்லுங்கோ."

ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது உடம்பு தாங்காது, காய்ச்சல் இறங்கட்டும் என்றார்கள். திரும்பி வந்து, "நாளைக்குப் பாப்பினமாம் மாமி" என்றேன். "ஓம்" என்றார். அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. விடிந்து, மனைவியை அவர் பக்கத்தில் விட்டு நான் வேலைக்குப் போயிருந்தபோது அந்த அழைப்பு வந்தது.

செத்தவீட்டில் பெண்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள். என் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். "அம்மாவின்ரை உடம்பிலை ஒரு கீறல்கூட இல்லையப்பா" என்றாள். அவளை அணைத்துக்கொண்டேன்.

பிள்ளைக்குரிய கடமையை நானே செய்தேன். ஒழுங்கைப் பாதையின் முடிவில் பெண்கள் நின்றுவிட, பாடை தோட்டங்களுக்கு நடுவே போயிற்று. இருபுறமும் வெங்காயப் பாத்திகளுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். போய் வாருங்கள், மாமி. இனி நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.