ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

நேற்று சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கொசுப்புகை அடித்தார்கள். அந்த நெடியில், எழுபதுகளில் உட்லண்ட்ஸ் கடலோரத்தில் இருந்த, பிறகு இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் கம்பத்துக் கிராம வீடு திரும்பி வந்தது. ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், மலேரியா வராமலிருக்க, அம்மா மூன்று வயதுத் தம்பியை மல்லாத்தி, மூக்கைப் பொத்தி, கரைத்த மாத்திரையை வாயில் ஊற்றுவார். நான் கால்களை அமுக்குவேன். அவன் அம்மாவின் விரலை ரத்தம் வரக் கடிப்பான்.

“பிள்ளையக் கொன்னுடாத லா!” என்று ஒருநாள் பக்கத்து வீட்டு மேரியக்கா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

அம்மா அவரை ஓங்கி அறைந்தார். “மூத்தவ அழுவுறாளேன்னு மாத்திரை குடுக்காம விட்டேன்க்கா. காய்ச்சல் வந்து, ரத்தமே இல்லாம வெளுத்துப்போய்ச் செத்தா.”

மேரியக்கா குனிந்து, தம்பியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.